விவிலியக் கதைகளும் செவ்வியல் ஓவியங்களும்: குழந்தைகளின் முதல் வாசிப்பில் மூலமும் உரையும்

ஆய்வுச் சுருக்கம்

விவிலியக் கதைகளைக் குழந்தைகளுக்கு அறிமுகப்படுத்த ஐரோப்பியச் செவ்வியல் ஓவியங்களைத் துணைக்கொள்ளும் கல்விமரபு நெடிய வரலாறு உடையது. ஓவியம் கதையை உள்ளவாறே காட்டுகிறது என்னும் நம்பிக்கை அம்மரபின் அடித்தளத்தில் உள்ளது. கரவாஜியோ, ரெம்பிராண்ட், முரில்லோ, புரூகல் முதலியோரின் ஓவியங்களை அவற்றுக்குரிய விவிலியப் பகுதிகளோடு ஒப்பிடும் இக்கட்டுரை, ஓவியம் மூலத்தின் மறுபதிப்பு அன்று, மூலத்திற்கு எழுந்த உரை என்று வாதிடுகிறது. தமிழ் உரைமரபு தரும் ‘மூலம் – உரை’ என்னும் பாகுபாட்டைக் கருவியாகக் கொண்டு, ஓவியங்கள் சேர்ப்பன, விடுப்பன, இடம்மாற்றுவன ஆகியவற்றை வகைப்படுத்துகிறது. கதையை முதலில் கேட்டு, ஒரே கதைக்கான பல ஓவியங்களைப் பின்னர் ஒப்பிட்டுக் காணும் குழந்தையே கதையையும் ஓவியத்தையும் இழக்காமல் பெறுகிறது என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: விவிலியம், குழந்தைக் கல்வி, செவ்வியல் ஓவியம், மூலமும் உரையும், சார்லட் மேசன், ரெம்பிராண்ட், புரூகல்

முன்னுரை

ஏதேன் தோட்டத்தில் ஏவாள் உண்டது எந்தக் கனி என்று கேட்டால், ‘ஆப்பிள்’ என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கும். தொடக்கநூலின் மூன்றாம் அதிகாரம் அக்கனிக்குப் பெயர் சூட்டவில்லை. தமிழ் மொழிபெயர்ப்புகளும் ‘கனி’ என்ற அளவிலேயே நிற்கின்றன. ஆயினும் நூலில் இல்லாத ஆப்பிள், நூலில் உள்ள எத்தனையோ செய்திகளை விட உறுதியாக மனத்தில் தங்கிவிட்டது. அதனை அங்கு நிலைநிறுத்தியதில் ஓவியத்திற்குப் பெரும்பங்கு உண்டு.

இந்த எளிய எடுத்துக்காட்டு ஒரு பெரிய வினாவை உள்ளடக்கியுள்ளது. குழந்தை ஒரு கதையை ஓவியத்தின் வழியாக முதன்முதலில் அறியும்போது, அது அறிவது கதையையா, அக்கதையைப் பற்றி ஓர் ஓவியர் கொண்ட கருத்தையா? முதலில் கண்ட உருவம் எளிதில் அழிவதில்லை என்பதால் இவ்வினா கல்வியாளர்க்கு மட்டுமன்றி இலக்கியத் திறனாய்வாளர்க்கும் உரியதாகிறது. ஒரு பனுவலை மற்றொரு கலைவடிவம் இடம்பெயர்க்கும்போது நேர்வன யாவை என்பதே இதன் உட்பொருள்.

‘எழுத்தறியாதார்க்கு நூல்’ என்னும் கருத்து

மார்சேய் நகர ஆயர் செரெனுஸ், மக்கள் வழிபடத் தலைப்பட்டனர் என்பதற்காகக் கோவிலிலிருந்த உருவங்களை உடைத்தார். கி.பி. 600-ஐ ஒட்டி அவருக்கு எழுதிய மடல்களில் திருத்தந்தை முதலாம் கிரகோரி, உருவங்களை வழிபடலாகாது, ஆனால் அழிக்கவும் ஆகாது என்றார். கற்றோர் எழுத்தால் பெறுவதைக் கல்லாதோர் ஓவியத்தால் பெறுகின்றனர் என்பது அவர் காட்டிய காரணம். இக்கருத்து பின்வந்த நூற்றாண்டுகளில் மேற்கோளாகவே நிலைபெற்றது.

கிரகோரியின் கருத்து குழந்தைகளுக்கும் விரிவது இயல்பே. உருவ வழிபாட்டைப் பற்றிக் கடுமையான விவாதம் நிகழ்ந்த சீர்திருத்தக் காலத்திலேயே, மார்ட்டின் லூத்தர் 1529-இல் தமது செபநூலோடு ஏறத்தாழ ஐம்பது மரச்செதுக்குப் படங்கள் கொண்ட ஒரு பகுதியை இணைத்தார். படத்திற்கு எதிரே சுருக்கமான விவிலியப் பகுதி அமைந்தது. குழந்தைகளும் எளிய மக்களும் வெறும் சொல்லைவிடப் படத்தாலும் உவமையாலும் எளிதில் நினைவில் கொள்வர் என்பது அவர் கருத்து.

இவ்விரு நிலைகளுக்கும் இடையே ஒரு நுட்பமான வேறுபாடு உண்டு. லூத்தரிடம் படமும் சொல்லும் அருகருகே நின்று ஒன்றையொன்று தாங்குகின்றன. கிரகோரியின் கூற்றைப் பிற்காலத்தார் கையாண்ட முறையிலோ ஓவியம் நூலின் இடத்தையே பெற்றுக்கொள்கிறது. ஓவியம் உண்மையிலேயே கல்லாதோரின் நூலாக இயங்கியதா என்று லாரன்ஸ் டக்கன் 1989-இல் வெளியான கட்டுரையில் வினவினார். ஏற்கெனவே அறிந்த கதையை ஓவியம் நினைவூட்டக்கூடும். அறியாத கதையைத் தானே கற்பிக்காது என்பது அவ்வாதத்தின் சாரம். கதை அறியாத ஒருவர் ரெம்பிராண்டின் ‘ஊதாரி மைந்தன் திரும்புதல்’ ஓவியத்தைக் கண்டால், முதியவர் ஒருவர் முன் கந்தலணிந்த இளைஞன் மண்டியிட்டிருப்பதைக் காண்பார். அவன் மகன் என்பதையோ, சொத்தை அழித்துவிட்டு வந்தவன் என்பதையோ வண்ணம் சொல்லாது.

சார்லட் மேசனின் பாடமுறை

இக்கருத்தைக் குழந்தைக் கல்வியில் ஒழுங்குபட அமைத்தவர்களுள் இங்கிலாந்தின் சார்லட் மேசன் (1842–1923) குறிப்பிடத்தக்கவர். 1892-இல் ஆம்பிள்சைடில் ஆசிரியர் பயிற்சி நிலையம் ஒன்றை நிறுவியவர் அவர். 1886-இல் வெளிவந்த அவரது ‘இல்லக் கல்வி’ என்னும் நூல் மரபு பல பதிப்புகளாகத் தொடர்ந்தது. விவிலியப் பகுதியைச் சுருக்கியோ குழந்தை மொழியில் நீர்க்கச் செய்தோ தராமல், ஒரு நிகழ்ச்சி முற்றுப்பெறும் அளவுக்கு மூலத்தையே படித்துக் காட்ட வேண்டும் என்றார் அவர். குழந்தை அதனைத் தன் சொற்களிலும் இயன்றவரை நூலின் சொற்களிலும் திருப்பிச் சொல்ல வேண்டும். பழம்பெரும் ஓவியர்களின் நற்செய்திக் காட்சிகள் இக்கல்விக்குத் துணையாகும் என்றும் அவர் கருதினார்.

ஓவியப் பாடத்திற்கு அவர் வகுத்த முறையும் எளியது. ஒரு பருவத்திற்கு ஓர் ஓவியர். அவருடைய படைப்புகள் ஆறு. குழந்தை படத்தை அமைதியாக உற்று நோக்கும். பின்னர் படத்தைத் திருப்பி வைத்துவிட்டு, கண்டதைச் சொல்லும். ஆசிரியரின் விளக்கவுரை பெரிதும் அடக்கப்படுகிறது.

மூலத்தை முதலில் வைத்ததும், குழந்தையின் கண்ணையும் நாவையும் நம்பியதும் மேசனின் பெருஞ்சிறப்புகள். ஆயினும் இம்முறையில் ஓர் இடைவெளி உள்ளது. ஓவியப் பாடம் ஓவியர் வாரியாக அடுக்கப்படுவதால், ஒரே கதையை இருவேறு ஓவியர்கள் எவ்வாறு கண்டனர் என்னும் ஒப்பீட்டுக்கு அதில் இயல்பான இடம் இல்லை. திருப்பிச் சொன்ன கதையும் திருப்பிச் சொன்ன ஓவியமும் குழந்தையின் மனத்தில் எதிரெதிர் நிறுத்தப்படுவதும் இல்லை. இந்த இடைவெளியை நிரப்பத் தமிழ் உரைமரபின் கருத்தாக்கம் ஒன்று உதவுகிறது.

ஓவியம் என்னும் உரை

தமிழ்ப் புலமை மரபில் மூலம் வேறு, உரை வேறு. திருக்குறளுக்குப் பதின்மர் உரை உண்டு என்னும் மரபுச் செய்தியே, ஒரு மூலம் பல உரைகளைத் தாங்கும் என்பதைத் தமிழ் மாணவர்க்கு முதல் வகுப்பிலேயே உணர்த்திவிடுகிறது. பரிமேலழகரின் மேதைமையைப் போற்றுவோரும் அவர் உரையைக் குறளாக மயங்குவதில்லை. உரையாசிரியர் சொல்லாததை வருவித்துரைப்பார். சிலவற்றைத் தொட்டும் தொடாமலும் செல்வார். தம் காலத்து வழக்கத்தை மூலத்தின் மேல் ஏற்றுவார். செவ்வியல் ஓவியர்கள் செய்வனவும் இவையே. அவற்றை மூன்றாக வகுத்துக் காணலாம்.

அ. சேர்த்தல்

ரோமில் சாந்தா மரியா தெல் போப்போலோ கோவிலிலுள்ள கரவாஜியோவின் ‘பவுலின் மனமாற்றம்’ (1601) ஓவியப்பரப்பின் பெரும்பகுதியைக் குதிரை ஒன்று நிறைத்துள்ளது. பவுல் அதன் காலடியில் இரு கைகளையும் விரித்துக் கிடக்கிறார். திருத்தூதர் பணிகள் நூல் இந்நிகழ்ச்சியை மூன்று இடங்களில் கூறுகிறது. மூன்றிலும் குதிரை இல்லை. ஒளி சூழ்ந்தது, தரையில் விழுந்தார், உடனிருந்தோர் கையைப் பிடித்துத் தமஸ்குவுக்கு அழைத்துச் சென்றனர் என்பனவே செய்திகள். கையைப் பிடித்து நடத்திச் சென்றனர் என்னும் குறிப்பு, பார்வையிழந்த ஒருவரின் தளர்நடையை நினைவூட்டுகிறது. ‘குதிரையிலிருந்து விழுந்த பவுல்’ என்னும் வழக்கு அந்த நடையை மறக்கச் செய்துவிட்டது.

கிழக்கிலிருந்து வந்தோரின் நிலையும் இதுவே. மத்தேயு அவர்களின் எண்ணிக்கையைக் கூறவில்லை. அரசர் என்றும் கூறவில்லை. தமிழின் பழைய மொழிபெயர்ப்பு ‘சாஸ்திரிகள்’ என்றும், பிற்கால மொழிபெயர்ப்பு ‘ஞானிகள்’ என்றும் வழங்குகின்றன. ஆனால் தமிழ்க் கத்தோலிக்கர் வழக்கில் அந்நாள் ‘மூன்று ராஜாக்கள் திருநாள்’ என்றே அறியப்படுகிறது. வழிபாட்டு மரபும் முடியணிந்த மூவரைத் தலைமுறை தலைமுறையாகத் தீட்டிய ஓவிய மரபும் மொழிபெயர்ப்பாளரின் சொல்லைவிட வலிமை பெற்றுவிட்டன.

சேர்க்கையை வெளிப்படுத்தும் மருந்தும் ஓவியங்களிடமே உள்ளது. பிராதோ அருங்காட்சியகத்திலுள்ள டியூரரின் 1507-ஆம் ஆண்டு ஓவியத்தில் ஏவாளிடம் இருப்பது ஆப்பிள். சிஸ்டைன் சிற்றாலய விதானத்தில் மைக்கலாஞ்சலோ தீட்டிய மரம் அத்தி. வான் ஐக் சகோதரர்களின் கெண்ட் பலிபீட ஓவியத்தில் (1432) ஏவாள் ஏந்தியிருப்பது எலுமிச்சை இனத்துக் கனி. மூன்றையும் ஒருசேரக் காணும் குழந்தை, ‘எது சரி?’ என்று கேட்கும். அக்கேள்வி அக்குழந்தையை நூலுக்கு அழைத்துச் செல்லும்.

ஆ. இடம்மாற்றலும் விடுத்தலும்

லூக்கா நற்செய்தியின் பதினைந்தாம் அதிகாரத்தில், தொலைவிலேயே மகனைக் கண்ட தந்தை ஓடிச்சென்று தழுவுகிறார். மூத்த மகன் அப்போது வயலில் இருக்கிறான். இசையும் ஆடலும் கேட்ட பின்னரே அவன் செய்தியறிந்து, உள்ளே வர மறுக்கிறான். எர்மிட்டாஜ் அருங்காட்சியகத்திலுள்ள ரெம்பிராண்டின் ஓவியத்தில் (ஏறத்தாழ 1668) தந்தை ஓடவில்லை. அசையாது குனிந்து நிற்கிறார். அவருடைய இரு கைகளும் மகனின் முதுகில் படிந்துள்ளன. மகனின் முகம் நமக்கு முழுதும் தெரியவில்லை. மழிக்கப்பட்ட தலையும், கழன்ற காலணியும், தேய்ந்த பாதமுமே தெரிகின்றன. வலப்புறம் செந்நிற மேலாடையோடு விறைத்து நிற்பவரை மூத்த மகன் என்றே திறனாய்வாளர் பலர் கொள்கின்றனர்.

அவ்வாறாயின், கதையில் ஒருவரையொருவர் சந்திக்காத இரு கணங்களை ரெம்பிராண்ட் ஒரே சட்டத்துள் கொண்டுவந்துள்ளார். பத்துப்பாட்டு உரையில் நச்சினார்க்கினியர் தொலைவிலுள்ள அடிகளை ‘மாட்டு’ என்னும் இலக்கணத்தால் இணைத்துப் பொருள் கொள்வதை இது ஒக்கும். அம்முறை மூலத்தின் ஒழுங்கைச் சிதைக்கிறது என்னும் குறை அவர்மேல் உண்டு. அடிகளின் உள்ளுறவை அது வெளிக்கொணரும் இடங்களும் உண்டு. ரெம்பிராண்டின் இடம்மாற்றம் இரண்டாம் வகையைச் சாரும். மூத்தவன் உள்ளே சென்றானா என்பதை லூக்கா சொல்லாமலே முடிக்கிறார். ஓவியத்தில் அவனுக்கும் தழுவலுக்கும் இடையே விடப்பட்ட இருண்ட வெளி அந்த முடிவின்மையைக் காக்கிறது. ஆனால் ஓடிவந்த தந்தை அதில் இல்லை. முதியவர் ஒருவர் தம் மதிப்பையும் கருதாமல் ஓடுவதே கதையின் வியப்பு என்று கேட்டறிந்த குழந்தைதான் இந்த இழப்பை உணரமுடியும்.

வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்திலுள்ள முரில்லோவின் ஓவியம் (1667–70) அதே காலத்தது. அது செவில் நகரத்து அறச்சாலை ஒன்றுக்காகத் தீட்டப்பட்டது. அதில் புத்தாடை ஏந்திய பணியாளர் உண்டு; கொழுத்த கன்று உண்டு; எசமானனைக் கண்டு தாவும் சிறுநாயும் உண்டு. ஆடையும் கன்றும் லூக்காவின் சொற்கள்; நாய் முரில்லோவின் சொல். ஆடையற்றோர்க்கு ஆடை அளிக்கும் அறப்பணியை நினைவூட்ட வேண்டிய இடத்தில் ஆடை முதன்மை பெறுகிறது. ரெம்பிராண்டிடம் மன்னிப்பு ஒரு மௌனம். முரில்லோவிடம் அது ஒரு வீட்டு விழா. இரண்டையும் கண்ட குழந்தைக்கு ஒரே கதை இருவரிடம் இருவேறாக ஒலித்தது என்பது விளக்கமின்றியே விளங்கும்.

இ. மௌனத்தை நிரப்புதல்

தொடக்கநூலின் இருபத்திரண்டாம் அதிகாரம் குழந்தைகளுக்குச் சொல்ல மிகக் கடினமான பகுதி. பலிக்குரிய ஆடு எங்கே என்று ஈசாக்கு கேட்கிறான். கடவுளே பார்த்துக்கொள்வார் என்று ஆபிரகாம் விடையிறுக்கிறார். அதன்பின் அவ்வதிகாரத்தில் ஈசாக்கு பேசுவதே இல்லை. தந்தை பணியாளரிடம் திரும்பியதாக நூல் கூறுமிடத்திலும் மகனின் பெயர் இல்லை. வானதூதரும் அங்கே ஒரு குரலாகவே இருக்கிறார்.

ஓவியர் இம்மௌனத்தை மௌனமாக விட இயலாது; முகம் ஒன்றைத் தீட்டியாக வேண்டும், அல்லது மறைத்தாக வேண்டும். உஃபீஸி கூடத்திலுள்ள கரவாஜியோவின் ஓவியத்தில் (ஏறத்தாழ 1603) ஈசாக்கின் தலை கல்மேல் அழுத்தப்பட்டுள்ளது. வாய் திறந்து அலறுகிறான். ரெம்பிராண்டின் 1635-ஆம் ஆண்டு ஓவியத்தில் தந்தையின் அகன்ற உள்ளங்கை மகனின் முகத்தை முழுதும் மூடுகிறது. தூதர் மணிக்கட்டைப் பற்ற, கத்தி காற்றில் விழுந்துகொண்டிருக்கிறது. இருபது ஆண்டுகளுக்குப் பின் அதே ரெம்பிராண்ட் செதுக்கிய படத்தில் (1655) மகன் தந்தையின் அருகே மண்டியிட்டிருக்கிறான். தந்தை அவன் கண்களை மூடுகிறார். தூதர் தந்தையைப் பின்னிருந்து தழுவிக்கொள்கிறார். குரல், பற்றும் கையாகிப் பின் தழுவலாகிறது. ஓர் உரையாசிரியர் தம் உரையையே திருத்தி எழுதியதற்கு இது சான்று.

இங்கே கற்பிப்போரின் பொறுப்பு கனமாகிறது. கேட்கும் குழந்தை தன்னை ஆபிரகாமின் இடத்தில் வைத்துப் பார்ப்பதைவிட ஈசாக்கின் இடத்தில் வைத்துப் பார்ப்பதே இயல்பு. கரவாஜியோவின் ஓவியம் மட்டுமே காட்டப்படின், அலறல் கதையின் ஒரே உண்மையாக நிற்கும். முதுமைக்காலச் செதுக்குப்படம் மட்டுமே காட்டப்படின், அச்சம் கதையிலிருந்தே நீங்கிவிடும். இரண்டுமே உரைகள், எதுவும் மூலத்தின் அந்த அடர்ந்த அமைதி அன்று.

மறைக்கப்பட்ட குழந்தைகள்

கொடுமையைக் குழந்தைகளிடமிருந்து மறைக்கலாகாதா என்னும் வினா இவ்விடத்தில் எழும். இதற்கு ஓவிய வரலாறே ஒரு விடை வைத்துள்ளது. மூத்த பீட்டர் புரூகல் 1565–67 காலத்தில் தீட்டிய ‘மாசற்ற குழந்தைகளின் படுகொலை’, ஏரோதின் ஆணையைப் பனி மூடிய பிளாண்டர்ஸ் சிற்றூர் ஒன்றில் நிகழ்த்திக் காட்டுகிறது. அது இரண்டாம் ருடால்ஃப் பேரரசரின் உடைமையாக இருந்தபோது, கொல்லப்பட்ட குழந்தைகளின் மேல் மூட்டைகளும் உணவுப்பொருள்களும் பறவை விலங்குகளும் தீட்டப்பட்டன. படுகொலை ஒரு கொள்ளையாக மாறியது. புரூகலின் மகன் வரைந்தவை உள்ளிட்ட படிகள் மூல அமைப்பை இன்றும் உணர்த்துகின்றன. மாற்றப்பட்ட ஓவியம் பிரித்தானிய அரச சேகரிப்பில் உள்ளது.

குழந்தைகள் அகற்றப்பட்டனர், தாய்மாரின் துயரம் அகற்றப்படவில்லை. ஆகவே அப்பெண்கள் பறிபோன பண்டங்களுக்காகப் பிள்ளையை இழந்தவர் போல் கதறுகின்றனர். காரணம் நீக்கப்பட்ட துயரம் பொருளற்றுப் போகிறது. கடுமையை அழித்துத் தரும் குழந்தை நூல்கள் பலவற்றுக்கும் இது பொருந்தும். நோவாவின் பேழை பெரும்பாலும் விலங்குகளின் மகிழ்ச்சிப் பயணமாகவே அவற்றில் வருகிறது. பிலடெல்பியா அருங்காட்சியகத்திலுள்ள எட்வர்ட் ஹிக்ஸின் ஓவியம் (1846) விலங்குகள் இணையிணையாகப் பேழைக்குள் செல்வதைக் காட்டுகிறது. குழந்தைகள் அதனை விரும்புவது இயல்பு. சிஸ்டைன் விதானத்தில் மைக்கலாஞ்சலோ தீட்டிய வெள்ளத்திலோ பேழை தொலைவில் சிறுத்துத் தெரிகிறது. முன்புறம் நிறைந்திருப்போர், உயர்ந்த நிலம் தேடிக் குழந்தைகளையும் பொருள்களையும் சுமந்து ஏறும் மக்கள். பேழைக்கு வெளியே எவரும் இல்லை என்று குழந்தையை நம்பச் செய்வது, புரூகலின் ஓவியத்தில் மூட்டைகளைத் தீட்டியதற்கு ஒப்பாகும்.

எனினும் நான்கு வயதுக் குழந்தைக்குப் படுகொலை ஓவியத்தைக் காட்ட வேண்டும் என்று இதற்குப் பொருள் இல்லை. ஒன்றைக் காலம் வரும்வரை காட்டாமல் வைத்திருப்பது வேறு. மாற்றிக் காட்டுவது வேறு. முன்னது வயதறிந்த அறிவு. பின்னது, வளர்ந்தபின் அவிழ்க்க வேண்டிய ஒரு பொய். ஹிக்ஸின் ஓவியத்தை இன்று காட்டும் ஆசிரியர், மைக்கலாஞ்சலோவின் ஓவியத்திற்கும் இடம்விட்டே கதையைச் சொல்ல வேண்டும்.

புரூகலின் பனி

அயல்நாட்டு ஓவியங்கள் அயல்முகத்தையே தெய்வமுகமாகப் பதியவைக்கும் என்பது இம்முறைக்கு எதிரான வலுவான கருத்து. இயேசுவை ஐரோப்பியராகவே கண்டு வளர்ந்த தலைமுறைகள் இதற்குச் சான்று. ஆனால் இக்குறை, ஒற்றை ஓவியத்தை மூலமாக மயங்குவதிலிருந்தே வலிமை பெறுகிறது. பிரசல்ஸிலுள்ள புரூகலின் ‘பெத்லகேமில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு’ (1566) ஓவியத்தில் பெத்லகேம், குளம் உறைந்த ஒரு பிளாண்டர்ஸ் ஊர். குழந்தைகள் பனிக்கட்டியில் விளையாடுகின்றனர். தோளில் இரம்பம் தாங்கிய யோசேப்பையும் கழுதைமேல் அமர்ந்த மரியாவையும் கூட்டத்தில் தேடித்தான் கண்டறிய வேண்டும். இப்பனி லூக்காவின் பனி அன்று; புரூகலின் ஊர்ப் பனி. அதனை உணர்ந்த குழந்தை, ஒவ்வோர் ஓவியரும் கதையைத் தம் ஊருக்கு அழைத்து வந்தனர் என்பதை அறிந்துகொள்கிறது. ரெம்பிராண்டின் 1656-ஆம் ஆண்டு உடைமைப் பட்டியலில், உயிருள்ள மாதிரியைக் கொண்டு தீட்டிய கிறிஸ்துவின் தலை ஒன்று குறிக்கப்பட்டுள்ளது. அவர் ஆம்ஸ்டர்டாம் நகரத்து யூதர் ஒருவரை மாதிரியாகக் கொண்டிருக்கலாம் என்பது அறிஞர் கருத்து. ஐரோப்பிய மரபுக்குள்ளேயே கிறிஸ்துவின் முகம் மறுபரிசீலனைக்கு உட்பட்டது என்பதற்கு இது சான்றாகிறது.

பயில்முறைக்கான ஒழுங்கு

மேற்கண்ட ஒப்பீடுகளின் அடிப்படையில், மேசனின் முறையைக் கைவிடாமல் விரிக்கும் ஓர் ஒழுங்கைப் பரிந்துரைக்கலாம். முதலில் கதை மூலத்தின் சொற்களில் படிக்கப்படும். குழந்தை அதனைத் திருப்பிச் சொல்லும். பின்னர் ஓவியம் காட்டப்பட்டு மறைக்கப்படும். கண்டதைக் குழந்தை சொல்லும். அடுத்து, அதே கதைக்கான வேறோர் ஓவியம் காட்டப்படும். இறுதியாக மூன்று வினாக்கள் எழுப்பப்படும்: கதையில் இல்லாத எது படத்தில் உள்ளது? கதையில் உள்ள எது படத்தில் இல்லை? இரு படங்களும் எங்கே வேறுபடுகின்றன? விடை காண மீண்டும் நூல் திறக்கப்படும். குழந்தைக்கு இது குறைகாணும் பயிற்சியாக ஒலிக்க வேண்டியதில்லை. பவுலின் கதையில் குதிரை எங்கே என்று தேடுவது விளையாட்டாகவே தொடங்கும். இவ்வொழுங்கின் பயனைக் களத்தில் சோதித்து அறிவது இனிவரும் ஆய்வுகளின் பணி.

முடிவுரை

செவ்வியல் ஓவியங்கள் விவிலியக் கதைகளைக் குழந்தைகளுக்குத் திறந்துவிடும் ஆற்றல் மிக்கவை. ஆனால் அவ்வாற்றலே, மூலத்தின் இடத்தைத் தாமே எடுத்துக்கொள்ளும் ஆபத்தையும் உடன்கொண்டுள்ளது. ஓவியத்தை விலக்குவதோ, கடுமை நீக்கிய படங்களால் பதிலீடு செய்வதோ இதற்குத் தீர்வு ஆகா. ஓவியத்தை உரையாக அறிமுகப்படுத்துவதும், ஒன்றுக்கு மேற்பட்ட உரைகளை அருகருகே வைப்பதும், மூலத்திற்குத் திரும்பும் வழியைத் திறந்து வைப்பதுமே தீர்வாகும். குறளையும் பரிமேலழகரையும் வேறுபடுத்திக் காணக் கற்ற புலமை மரபுக்கு இவ்வேறுபாடு புதிதன்று. லூக்கா எழுதியதையும் ரெம்பிராண்ட் கண்டதையும் வேறுபடுத்திக் காணும் குழந்தை ரெம்பிராண்டைக் குறைத்து மதிக்கப்போவதில்லை. ஓடிவந்த தந்தையை அவர் ஏன் அசையாமல் நிற்கவைத்தார் என்று அது கேட்கும். அக்கேள்வி கேட்கப்படும்போது கதையும் ஓவியமும் ஒருசேர வாசிக்கப்படுகின்றன.